ஒரே கொசு, மூன்று உடல்கள்: காய்ச்சலை ஆராய வரும் இளம் அறிவியலாளருக்கு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் காய்ச்சலையும் அழற்சியையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் ஆராயத் தொடங்கும் இளம் அறிவியலாளருக்கு,

காய்ச்சல் என்பது பேச்சுவழக்கில் ஒரு நோயின் பெயராக வழங்கினாலும், அது தன்னுள் புகுந்த ஒன்றுக்கு உடல் தரும் மறுமொழியே என்பதும், அம்மறுமொழி ஆளுக்கு ஆள் வேறுபடும் விதமே நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் கடந்த நூற்றாண்டின் மருத்துவ ஆய்வு நிலைநாட்டிய உண்மைகள் ஆகும். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே சாக்கடையில் பெருகிய கொசுக்களிடம் ஆண்டுக்கணக்கில் கடிபட்ட மூவரில் ஒருவருக்குக் கால் வீங்குகிறது. இன்னொருவர் யானைக்கால் நோயின் நுண்புழுக்களை இரத்தத்தில் சுமந்தபடியே எந்தத் துன்பமும் அறியாமல் வயல் வேலைக்குப் போய்வருகிறார். மூன்றாமவரின் உடலில் புழுவும் இல்லை, வீக்கமும் இல்லை. இம்மூவரையும் ஒருசேர, ஒரே அக்கறையோடு, நீண்ட காலம் பின்தொடர்பவருக்கே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செயல்முறை புலப்படும் என்பதே இக்கடிதத்தின் மைய அறிவுரை. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரை மட்டும் அறிந்து, அவருடைய பக்கத்து வீட்டில் நோயின்றி இருப்பவரை அறியாத ஆய்வாளருக்குக் கேள்வியின் ஒரு பாதியே கையில் கிடைத்திருக்கிறது.

காய்ச்சல் உண்டாகும் முறையை முதலில் தெளிவாக மனத்தில் இருத்திக்கொள்வது நலம். நுண்ணுயிரின் ஏதேனும் ஒரு கூறு உடலுக்குள் புகும்போது அதை இனங்காணும் வெள்ளணுக்கள், சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு விடுக்கும் செய்திகளாகிய இவற்றுள் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, கட்டி நசிவுக் காரணி ஆகிய மூன்றும் காய்ச்சலைப் பொறுத்தவரை முதன்மையானவை. இவற்றின் தூண்டுதலால் மூளையில் உடல் வெப்பத்தை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்னும் கொழுப்பு வகைப் பொருள் உண்டாகி, உடல் தனக்கு வைத்துக்கொள்ளும் வெப்ப இலக்கையே உயர்த்திவிடுகிறது. அந்தப் புதிய இலக்கை எட்டும்வரை உடலுக்குத் தன் வெப்பம் போதாததாகவே படுவதால், சித்திரை மாத நண்பகலிலும் காய்ச்சல் ஏறத் தொடங்கியவர் நடுங்கிப் போர்வை கேட்கிறார். பாராசிட்டமால் மாத்திரை அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைக் குறைத்து வெப்பத்தைத் தணிக்கிறது. ஆயினும் அதற்கு முன் நடந்தேறிய சைட்டோகைன் சுரப்பையோ, அதைத் தூண்டிய கிருமியையோ அது நீக்குவதில்லை.

இவ்வளவும் இன்று ஒரு பாடநூல் பத்திக்குள் அடங்கிவிடுகிறது என்றாலும், அதை நிறுவுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு தேவைப்பட்டது. 1948இல் அமெரிக்க மருத்துவர் பால் பீசன், முயலின் வெள்ளணுக்களிலிருந்து காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பொருளைப் பெற்றுக் காட்டி, காய்ச்சலுக்கான காரணி உடலுக்குள்ளேயே உருவாகிறது என்ற கருத்துக்கு அடித்தளம் இட்டார். 1970களில் சார்லஸ் டினரெல்லோ, ஷெல்டன் வுல்ஃபுடன் இணைந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் அப்பொருளை மனித வெள்ளணுக்களிலிருந்து பிரித்தெடுக்க முனைந்து, அது இரு வடிவங்களில் இருப்பதை 1974இலும், அதைத் தூய்மைப்படுத்திய முறையை 1977இலும் வெளியிட்டார். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகள் மட்டுமே இருந்தாலும் காய்ச்சலை எழுப்பிவிடும் பொருள் அது என்பதால், அதைக் கண்ணுக்குத் தெரியும் சான்றாகத் திரட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். 1979இல் அதற்கு இன்டர்லூகின்-1 என்னும் பெயர் வழங்கப்பட்டு, 1984இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டு, அதன் செயலைத் தடுக்கும் அனகின்ரா என்னும் மருந்து 2001இல் முடக்குவாதத்துக்கு ஒப்புதல் பெற்றது. டினரெல்லோ தன் ஆய்வு வாழ்க்கையின் தொடக்கத்தில் ஒரே பொருளைப் பற்றிக்கொண்டு, அது காய்ச்சலிலிருந்து மூட்டழற்சிக்கும் அங்கிருந்து பிற அழற்சி நோய்களுக்கும் இட்டுச் சென்ற வழியெல்லாம் தொடர்ந்து நடந்ததே அந்த வாழ்க்கையின் வலிமை. ஆண்டுக்கு ஒரு புதிய தலைப்பைத் தேடி ஓடும் ஆசை எழும்போதெல்லாம் இவ்வரலாறு நினைவுக்கு வரட்டும்.

காய்ச்சல் நல்லதா தீயதா என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்துக்கொள்வதும் தவிர்க்கத்தக்கது. 1975இல் மாத்யூ குளூகரும் அவருடைய குழுவினரும், தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாத பாலைவன உடும்பின ஓணான்களுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தி, அவற்றை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தபோது, காய்ச்சலுக்கு ஈடான வெப்பத்தில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. குளிர்ந்த நிலையில் வைக்கப்பட்டவை பெருமளவில் மடிந்தன. அவ்வளவு பழைய உயிரினங்களிலும் காணப்படும் ஒரு மறுமொழி பயனின்றி நிலைத்திருக்க இயலாது என்பது அவ்வாய்வின் செய்தி. ஆனால், அதே மறுமொழி கட்டுமீறும்போது இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலையும் உண்டாகிறது. காப்பதும் அழிப்பதும் ஒரே மண்டலத்தின் செயல்களாக இருப்பதால், எந்த உடலில் எந்த நாளில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காண்பதே ஆய்வாளரின் கடமை ஆகிறது.

இக்கேள்விக்கு வில்லியனூரும் பாகூரும் ஏற்ற நிலங்கள். சங்கராபரணி ஆற்றையும் ஊசுடு ஏரியையும் ஒட்டி வில்லியனூர்ப் பகுதியும், தென்பெண்ணையை அடுத்துப் பெரிய ஏரியின் பாசனத்தில் பாகூர்ப் பகுதியும் நெல்லும் கரும்பும் விளைவித்து வாழ்வதால், நீரும் சேறும் எலியும் கொசுவும் உழைப்பவர் உடலுக்கு எப்போதும் அருகிலேயே இருக்கின்றன. பருவமழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சல் தென்னிந்தியக் கிராமங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. புதர்களிலும் வரப்புகளிலும் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா உடலில் புகுந்து, இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதே அந்நோய். கடிவாயில் தோன்றும் கருநிறப் பொருக்கு, இடுப்பு, அக்குள், மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் இருப்பதால், உடலை முழுமையாகப் பார்க்காத மருத்துவரின் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்துத் தருவது அவற்றுள் ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் நிறுவியது. உலகின் பிற பகுதிகளுக்கும் வழிகாட்டும் விடைகள் இந்த மண்ணின் காய்ச்சல்களிலிருந்தே பிறக்க முடியும் என்பதற்கு அது அண்மைக்காலச் சான்று.

ஆய்வுக்குத் துணையான நிறுவனங்களும் எட்டும் தூரத்தில் உள்ளன. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மரபில் வந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற கோரிமேட்டு ஜிப்மரும், வில்லியனூர்ப் பகுதியின் இராமநாதபுரத்தில் அது நடத்திவரும் கிராமப்புற சுகாதார மையமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நிறுவிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் அவற்றுள் முதன்மையானவை. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு குறிக்கும் கல்விச்சாலை பாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பதை நினைக்கும்போது, அறிவை ஊன்றி வளர்ப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று என்ற நம்பிக்கையும் பிறக்கிறது. புதுச்சேரிக் கிராமங்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களோடு இடைகலந்து கிடப்பதால், ஒரே காய்ச்சல் பரவலின் ஒரு பாதி ஓர் அரசின் பதிவேட்டிலும் மறுபாதி வேறோர் அரசின் பதிவேட்டிலும் இடம்பெறுவதைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொண்டு, இரு பக்கத்துச் சுகாதார நிலையங்களோடும் தொடர்பு வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

மூன்று உடல்களின் கேள்வி யானைக்கால் நோயில் தெரியும் அளவுக்கு வேறெங்கும் துலக்கமாகத் தெரிவதில்லை. 1872இல் கல்கத்தாவில் டிமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டதும், 1877இல் சீனத்தின் அமோய் நகரில் பேட்ரிக் மான்சன் அப்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டதும் இத்துறையின் தொடக்கங்கள். வுச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் புழுவைக் கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்புகிறது. முதிர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில், அதாவது திசுக்களில் ஊறும் நீரை மீண்டும் இரத்தத்துக்குக் கொண்டு சேர்க்கும் நுண்ணிய குழாய்களில், பல ஆண்டுகள் வாழ்கிறது. அது ஈனும் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே இரத்த ஓட்டத்தில் மிகுவதால் இரத்தப் பரிசோதனையும் இரவிலேயே செய்யப்பட்டு வந்தது. பி. கே. இராஜகோபாலன் தலைமையில் நோய்க்கடத்தி மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் நடத்திய ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டம், சாக்கடை, கிணறு, கழிவுநீர்த் தொட்டி என்று கொசு பிறக்கும் இடங்களை அறிந்து அடைத்தால் நோயின் பரவலையே தடுக்கலாம் என்பதைக் களத்தில் காட்டியது.

அந்தப் புழுவைச் சுமப்பவருள் பலர் ஏன் நோயின்றி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு நோய் எதிர்ப்பியல் விடை தேடியது. பல ஆண்டுகள் தன்னுள் வாழும் புழுவை எதிர்த்து ஓயாமல் அழற்சி நடத்தினால் தன் திசுக்களே அழியும் என்பதால், அத்தகையவரின் உடலில் இன்டர்லூகின்-10 என்னும் தணிக்கும் செய்தியும், பிற உயிரணுக்களின் சீற்றத்தை அடக்கும் ஒழுங்குபடுத்து டி செல்களும் மேலோங்கி, புழுவுக்கும் உடலுக்கும் இடையே ஒரு சமரசம் நிலவுகிறது. கால் வீங்கியவர்களிடம் இச்சமரசம் குலைந்திருக்கிறது. சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்த சர்வதேச ஆய்வு மையத்தைச் சேர்ந்த சுபாஷ் பாபு, அமெரிக்காவின் தாமஸ் நட்மன் உள்ளிட்ட குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வீக்கம் கண்டவர்களிடம் டிஹெச்-1, டிஹெச்-17 எனப்படும் அழற்சியைத் தூண்டும் டி செல் மறுமொழிகள் ஓங்கியும், ஒழுங்குபடுத்தும் செல்கள் குறைந்தும் இருப்பதைக் காட்டியது. வீங்கிய காலை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்காது. அதே புழுவைச் சுமந்தும் வீங்காத காலோடு ஒப்பிட்டதாலேயே அது வெளிப்பட்டது.

அதே நோயில் காய்ச்சல் இரண்டு முற்றிலும் மாறுபட்ட பொருள்களைத் தருவதும் இளம் ஆய்வாளர் ஊன்றிக் கற்க வேண்டிய பாடம். நுண்புழுக்களை ஒழிக்கத் தரப்படும் டை எத்தில் கார்பமசின் மாத்திரையை ஊர் முழுவதற்கும் வழங்கியபோது, நுண்புழுக்களைச் சுமந்தவர்களுள் பலருக்கு ஓரிரு நாளில் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தோன்றின. புழுக்களின் எண்ணிக்கை மிகுந்தவரிடம் அவை கடுமையாக இருந்தன. மாத்திரையின் நஞ்சு என்று மக்கள் அஞ்சிய அக்காய்ச்சல், மடியும் நுண்புழுக்களிலிருந்தும் அவற்றினுள் வாழும் வொல்பாக்கியா என்னும் பாக்டீரியாவிலிருந்தும் வெளிப்படும் பொருள்களைக் கண்டு உடல் எழுப்பும் அழற்சியே ஆகும். நலமாக இருப்பதாக நம்பியவரைக் காய்ச்சலில் ஆழ்த்திவிட்டு விளக்கம் தராமல் திரும்பிய குழுவுக்கு அடுத்த ஆண்டு அதே தெருவில் கதவு திறக்கப்படாது என்பதால், அழற்சியின் அறிவியலைத் திண்ணையில் அமர்ந்து எளிய தமிழில் விளக்குவதும் ஆய்வின் உறுப்பே.

மற்றொன்று, வீங்கிய காலில் அடிக்கடி எழும் காய்ச்சல். நெறி கட்டி, கால் சிவந்து, குளிரோடு வரும் அந்தத் தாக்குதல்கள் புழுவின் வேலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. பிரேசிலிலும் கேரளத்தின் ஆலப்புழையிலும் நடந்த ஆய்வுகள், கால்விரல் இடுக்கின் புண்கள், வெடிப்புகள் வழியே புகும் பாக்டீரியாக்களே அவற்றுக்குப் பெரிதும் காரணம் என்பதைக் காட்டின. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர். கே. ஷெனாயும் அவருடைய குழுவினரும் 1990களில் செய்த ஆய்வுகள், சோப்பும் நீரும் கொண்டு காலை நாள்தோறும் கழுவித் துடைத்து, புண்ணுக்குக் களிம்பிடும் பழக்கம் அத்தாக்குதல்களைக் குறைப்பதை உறுதிசெய்தன. ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சிய நிணநீர்க் குழாய்களையும் சிதைத்து வீக்கத்தை ஒரு படி உயர்த்துவதால், ஒரு வாளி நீர் இங்கே அழற்சிக்கு எதிரான மருந்தாகவே செயல்படுகிறது. நாற்று நடவில் நாள் முழுதும் சேற்றில் நிற்கும் பெண்ணுக்கு இந்த அறிவுரை எந்த வேளையில், எந்த நீரில், எவர் துணையோடு இயலும் என்பதையும் சேர்த்து ஆராய்வதுதான் கிராமத்து ஆய்வாளருக்கு அழகு.

நோயுறாத அண்டை வீட்டாரின் மதிப்பைக் காசநோய் ஆய்வும் காட்டுகிறது. ஜிப்மரும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் இணைந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் நடத்திய கூட்டாய்வில் நோயாளிகளோடு அவர்களின் வீட்டில் உடன் வாழ்பவர்களும் சேர்க்கப்பட்டு, ஊட்டக்குறைவு உள்ளிட்ட நிலைகள் நோயை எவ்வாறு பாதிக்கின்றன என்று ஆராயப்பட்டது. அதற்கு முன்பே 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 3,60,000க்கும் மேற்பட்ட மக்களைப் பதிவுசெய்து தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்ற, எவரும் விரும்பாத முடிவை 1979இல் வெளியிட்டது. மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் மக்களின் நோய் எதிர்ப்பு மண்டலத்தை முன்பே பழக்கியிருக்கலாம் என்ற விளக்கம் அதன்பின் வலுப்பெற்றது. கசப்பான முடிவை மறைக்காமல் வெளியிட்டதாலேயே புதிய கேள்வி ஒன்று உலகத்துக்குக் கிடைத்தது என்பதை, எதிர்பார்த்த வேறுபாடு தன் அட்டவணையில் தோன்றாத நாளில் இளம் ஆய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்றாடப் பணியில் கைக்கொள்ள வேண்டியவையும் சில உள. சைட்டோகைன்கள் சில மணி நேரத்துக்குள் ஏறி இறங்குபவை ஆதலால், இரத்தம் எடுத்த நேரமும், காய்ச்சல் தொடங்கிய நாளும், அன்று காலை விழுங்கிய மாத்திரையும் குறிக்கப்படாத மாதிரி பெரும்பாலும் பயனற்றது. கடை மாத்திரையோ நிலவேம்புக் கஷாயமோ உட்கொண்டுவிட்டே பலர் வருவதால், கடிந்துகொள்ளும் குரலின்றிக் கேட்டால்தான் உண்மை கிடைக்கும். உயிருள்ள வெள்ளணுக்களை ஆராய வேண்டுமெனில் இரத்தம் சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். ஆதலால் பாகூரின் கடைசிக் கிராமத்திலிருந்து கோரிமேடு வரையிலான பயணத்தையும், மின்தடையையும், குளிர்பெட்டியின் நிலையையும் திட்டமிடுவது ஆய்வு வடிவமைப்பின் பகுதியாகும். ஒரே மனிதரைக் காய்ச்சலின்போதும், தணிந்த பின்னும், சில மாதங்கள் கழித்தும் பார்த்தால், அவரே அவருக்கு ஒப்பீடாகி விடுகிறார். இரத்தசோகை மிகுந்த கிராமத்துப் பெண்களிடம் தேவைக்கு மேல் ஒரு மில்லி லிட்டரும் எடுக்காமலிருப்பதும், இசைவுப் படிவத்தை அவர்கள் மொழியில் படித்துக் காட்டிக் கேள்விக்கு இடம் தருவதும், ஹீமோகுளோபின் அளவு போன்ற உடனே பயன்படும் முடிவுகளை அந்த வாரமே வீட்டில் சேர்ப்பதும் அறத்தின்பாற்பட்டவை. அடுத்த ஆண்டும் அதே வீட்டில் வரவேற்பு கிடைப்பதற்கும் அவையே காரணமாகின்றன. வீடு வீடாக அறிந்த கிராமச் செவிலியரையும் அங்கன்வாடி ஊழியரையும் தகவல் சேகரிப்பவர்களாக மட்டும் நடத்தாமல், கேள்வியை வடிவமைக்கும் கூட்டத்திலேயே அமர்த்திக்கொண்டால், எந்தத் தெருவில் எந்தக் காய்ச்சல் ஏன் மறைக்கப்படுகிறது என்பது ஆய்வகத்துக்கு முன்னதாகவே தெரியவரும்.

யானைக்கால் நோயின் பரவல் பெரிதும் குறைந்து, கண்காணிப்பே முதன்மைப் பணியாகிவிட்ட இக்காலத்தில், அதை இனி ஆராய என்ன இருக்கிறது என்று இளையவர்கள் கேட்பது இயல்பு. பரவல் நின்றாலும் வீங்கிய கால்களோடு வாழ்பவர்கள் இன்னும் பல ஆண்டுகள் இருக்கப்போகிறார்கள். அவர்களின் அழற்சி புழு இல்லாத நிலையிலும் ஏன் தொடர்கிறது என்பது விடை காண வேண்டிய கேள்வி. புழுவோடு சமரசம் செய்து வாழ்ந்த உடல்கள் அப்புழு நீங்கிய பின் நீரிழிவையும் ஒவ்வாமையையும் காசநோயையும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை அறியும் வாய்ப்பு, அந்தத் தலைமுறை வாழும் காலம்வரை மட்டுமே உண்டு. ஆதலால் இளம் அறிவியலாளர் ஒரு காய்ச்சலையும் சில கிராமங்களையும் தேர்ந்துகொண்டு, நோயுற்றவர், நோயைச் சுமந்தும் துன்புறாதவர், நோய் அணுகாதவர் ஆகிய மூவரின் பெயரையும் ஒரே பதிவேட்டில் எழுதி, பத்தாண்டுகளேனும் அங்கேயே ஊன்றி நிற்க வேண்டும். அந்தப் பதிவேடு நோயாளிக்கு மருந்தாகவும், ஊருக்கு விளக்கமாகவும், துறைக்குப் புதிய அறிவாகவும் பயன்படும் நாளில், அவ்வாய்வு வாழ்க்கை தன் பொருளை முழுமையாக அடைந்ததாகும்.